திரைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும்



கல்விப் பக்கத்தில் இம்முறை நாம் எடுத்துக்கொண்ட விடயம் இணையத்தின் வழியாக நடக்கும் வகுப்பு. போன் திரையிலோ தொலைக்காட்சித் திரையிலோ ஓர் ஆசிரியர் தெரிவார், பேசுவார், கணக்குப் போட்டுக் காட்டுவார். அவர் கண்டியிலோ கொழும்பிலோ இருப்பார். நமது பிள்ளை தோட்டத்தில் இருந்துகொண்டே அதைக் கேட்கும்.

இதைப் பற்றித் தோட்டங்களில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. "நல்ல போன் ஒன்னு வாங்கிக் குடுத்தா புள்ள படிச்சிரும்" என்பது ஒரு பேச்சு. "போனாலதான் புள்ள கெட்டுப் போச்சு" என்பது மற்றப் பேச்சு. இரண்டு பேச்சிலும் போன் இருக்கிறது. பிள்ளை அந்தப் போனைப் பார்க்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே இந்தப் பாடத்தைப் படிப்போம்.

முதலில் மூன்று வகையைத் தெரிந்துகொள்வோம்

இணைய வகுப்பு என்று சொல்வதில் மூன்று வகை உண்டு.

ஒன்று, நேரடி வகுப்பு. சூம், கூகுள் மீட் போன்றவற்றில் ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கூடுவார்கள். பிள்ளை கேள்வி கேட்கலாம், ஆசிரியர் உடனே பதில் சொல்லலாம்.

இரண்டு, பதிவு செய்த பாடம். யூடியூப்பில் உள்ள பாடங்கள் இந்த வகை. இதை எப்போதும் பார்க்கலாம், நிறுத்திப் பார்க்கலாம், திரும்பவும் பார்க்கலாம். ஆனால் கேள்வி கேட்க முடியாது.

மூன்று, வட்ஸ்அப் குழு. ஆசிரியர் பயிற்சித் தாளைப் படம் பிடித்து அனுப்புவார், குரல் பதிவு அனுப்புவார். பிள்ளை எழுதி, அதைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்பும்.

எதற்கு எதைப் பயன்படுத்துவது என்று தெரிந்தால் காசும் மிஞ்சும், படிப்பும் நடக்கும்.

2020 இல் நாம் கண்டது என்ன?

கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச் மாத நடுவில் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. அடுத்த மாதமே 'குரு கெதர' என்ற பெயரில் தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. சிங்களத்தில் 'ஐ' அலைவரிசையிலும், தமிழில் நேத்ராவிலும் அவை ஒளிபரப்பாகின. ஆசிரியர்கள் பலர் தமது சொந்தப் போனிலும் சொந்தக் காசிலும் வட்ஸ்அப் குழுக்களைத் தொடங்கினார்கள். கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் பாடங்கள் இருந்தன.

ஆனால் லயத்துக் காம்பராவில் நிலைமை வேறு. வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன்தான், பிள்ளைகள் மூன்று பேர். அந்த ஒரு போனும் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். மாலையில் அது வீட்டுக்கு வரும்போது வகுப்பு முடிந்திருக்கும். ரீலோட் போட்டால் டேட்டா இரண்டு நாளில் தீர்ந்துவிடும். இவை எல்லாம் சரியாக இருந்த வீட்டிலும் சிக்னல் இருக்காது.

2021 இல் பதுளை மாவட்டத்தில் இருந்து வந்த செய்திகள் பலருக்கும் நினைவிருக்கும். பொஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழியில் நடந்து, மலை உச்சிப் பாறையில் உட்கார்ந்து படித்தார்கள். லுணுகலைப் பக்கத்தில் மலைமேல் மரத்தில், ஏறக்குறைய 30 அடி உயரத்தில் பரண் கட்டிப் பிள்ளைகள் ஏறினார்கள். நமது தோட்டங்களிலும் பிள்ளைகள் தேயிலை மலை ஏறி, கல்லுக்குக் கல் தாவி, "இங்க ரெண்டு கோடு காட்டுது" என்று கூவியதைப் பார்த்திருக்கிறோம். குளவிக் கூடு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஏறிய பிள்ளைகளும் உண்டு.

அதே 2021 இல் ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர்கள் நடத்திய போராட்டத்தால் இணைய வகுப்புகளும் நின்றன. ஒக்டோபர் 21 அன்று, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் முதலில் திறந்தன. 2022 இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் சில வாரங்கள் வகுப்பறை பூட்டப்பட்டது. அந்த ஆண்டு நீண்ட நேர மின்வெட்டும் இருந்தது. போனைச் சார்ஜ் பண்ணவே வழி இல்லாத நாட்களும் இருந்தன.

இந்தக் காலத்தில் அதிகம் பாதிக்கப்பட்டது முதலாம், இரண்டாம் தரத்துச் சின்னப் பிள்ளைகள். எழுத்துக் கூட்ட வேண்டிய வயதில் அவர்களின் கையைப் பிடித்து எழுத வைக்க ஆள் இல்லை. பெரிய பிள்ளைகளில் சிலர் திரும்ப வகுப்பறைக்கு வரவே இல்லை. விளங்காத பாடம் சேர்ந்துகொண்டே போனால் பிள்ளைக்குப் பாடசாலையே பாரமாகிவிடும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் "கொழும்புல கடையில வேல இருக்கு" என்று யாராவது சொன்னால் உடனே புறப்பட்டுவிடும். இணைய வகுப்பைப் பற்றி நாம் கவலைப்படுவதற்குக் காரணம் இதுதான்.

சிக்னல் ஏன் அறுகிறது?

குண்டசாலை, திகன, மெனிக்கின்ன பக்கத்துச் சந்திகளில் நின்றால் போனில் கோடுகள் நிறைய இருக்கும். அங்கிருந்து பன்வில, ரங்கலைப் பக்கத்து மலைகளுக்கு ஏறினால் ஒரு வளைவில் இரண்டு கோடு, அடுத்த வளைவில் ஒன்றும் இல்லை. போன் அலை, வெளிச்சத்தைப் போல ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மலை நின்றால் அந்த மலையின் நிழல் வீட்டின் மேல் விழுகிறது. வெயிலுக்கு நிழல் இருப்பது போல அலைக்கும் நிழல் உண்டு.

இன்னொரு காரணம் நமது தலைக்கு மேலேயே இருக்கிறது. தகரக் கூரை அலையைத் திருப்பி விடும். அதனால்தான் காம்பராவுக்குள் கிடைக்காத சிக்னல் இஸ்தோப்பில் கிடைக்கிறது. போனை யன்னல் ஓரத்தில், கோபுரம் இருக்கும் பக்கமாக வைத்துப் பாருங்கள். மூன்றாவது காரணம் கூட்டம். ஒரு கோபுரத்தைப் பலர் பகிர்கிறார்கள். மாலையில் எல்லாரும் போனைத் திறக்கும்போது வேகம் குறையும். அதிகாலையில் அதே இடத்தில் நன்றாக ஓடும்.

டேட்டா கணக்கு

பிள்ளைகளே, இது உங்களுக்கான கணக்கு. கொப்பியில் போட்டுப் பாருங்கள்.

சூம் வகுப்பில் குரல் மட்டும் கேட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 80 கிலோபிட் தேவை. ஒரு மணி நேரம் 3600 விநாடி. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 80 ஐ 3600 ஆல் பெருக்கி 8 ஆல் வகுத்தால் 36,000 கிலோபைட், அதாவது 36 எம்.பி.

ஆசிரியரின் படத்தையும் தெளிவாகப் பார்த்தால் விநாடிக்கு ஏறக்குறைய 600 கிலோபிட். அதே கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு 270 எம்.பி. பிள்ளையும் தன் கெமராவைத் திறந்து வைத்தால், போவதும் வருவதுமாகச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு, 540 எம்.பி.

ஆகவே ஒரு ஜி.பி. டேட்டா, கெமரா திறந்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கும் போதாது. கெமராவை மூடினால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். குரல் மட்டும் என்றால் இருபத்தைந்து மணி நேரத்தையும் தாண்டும்.

இப்போது முக்கியமான கணக்கு. ஒரு தோட்டத்தில் 25 பிள்ளைகள் தனித்தனிப் போனில் ஒரே வகுப்பைப் பார்த்தால் 25 தடவை 270, அதாவது 6750 எம்.பி. அதே 25 பிள்ளைகளும் ஓர் இடத்தில் ஒரு பெரிய திரையைப் பார்த்தால் 270 எம்.பி. போதும். 25 வீட்டுச் செலவு ஒரு வீட்டுச் செலவாகிறது. அதோடு, சிக்னல் நன்றாக உள்ள ஓர் இடத்தைத் தேடிப் பிடித்தால் போதும். எந்தப் பிள்ளையும் மரம் ஏற வேண்டியதில்லை.

கொத்மலை காட்டிய வழி

ஒரு இணைப்பைப் பலர் பகிர்வது நமது மலைநாட்டுக்குப் புதிது இல்லை. கொத்மலையில் 1989 இல் ஒரு சமூக வானொலி தொடங்கியது. 1998 இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் உதவியோடு அந்த வானொலி நிலையத்துக்கு இணையத் தொடர்பு கிடைத்தது. அந்தக் காலத்தில் கிராமத்தில் கணினியைக் கண்டவர்களே குறைவு. இணையத்தில் இருந்தவையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

அங்கே செய்தது இதுதான். கேட்பவர்கள் தமக்குத் தேவையான கேள்வியை நிலையத்துக்கு அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் அதற்கான விடையை இணையத்தில் தேடி எடுத்தார்கள். பிறகு வைத்தியர் போன்ற விடயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களின் மொழியில் வானொலியில் விளக்கினார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் வந்து பார்ப்பதற்கு இணைய வசதி வைத்தார்கள்.

இணைப்பு ஒன்றுதான் இருந்தது, ஆனால் கேட்ட காதுகள் ஆயிரக்கணக்கு. இதில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்துக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு மனிதர் இருந்தார். அவர் தேடினார், மொழிபெயர்த்தார், "இது நம்ம ஊருக்குப் பொருந்துமா" என்று பார்த்துச் சொன்னார். அவர் இல்லாவிட்டால் அந்தக் கணினி ஒரு பெட்டி மட்டுமே.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் மாட்டுப் பண்ணைகள் ஒன்றுக்கொன்று மிகத் தூரத்தில் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளுக்காக 1951 இல் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பாடசாலை தொடங்கினார்கள். இன்று அந்தப் பாடங்கள் செய்மதி வழியாகக் காணொளியில் நடக்கின்றன. ஆனால் ஒன்று மாறவில்லை. வீட்டில் தாயோ வேறொரு பெரியவரோ பிள்ளையின் பக்கத்தில் இருந்து படிப்பைப் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம்.

மெக்சிக்கோ நாட்டில் பாடத்துக்கொரு ஆசிரியரை அனுப்ப முடியாத கிராமங்களுக்காக 1968 இல் தொலைக்காட்சிப் பாடசாலைகளைத் தொடங்கினார்கள். அங்கே ஒரு பாடவேளையில் ஏறக்குறைய 15 நிமிடம்தான் தொலைக்காட்சி. மிச்ச நேரம் புத்தகம், பயிற்சி, பேச்சு. வகுப்பில் ஓர் ஆசிரியர் எப்போதும் இருப்பார். அவருக்கு எல்லாப் பாடத்திலும் ஆழ்ந்த அறிவு தேவையில்லை. பிள்ளைகளைத் தெரிந்திருந்தால் போதும்.

நமது வகுப்பறையில் எப்படிச் செய்யலாம்?

தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் தமிழ் மொழியில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆசிரியர் குறைவு. ஓர் ஊரில் நல்ல விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருந்தால், நாலு தோட்டத்துப் பாடசாலைகள் ஒரே நேரத்தில் அவரிடம் படிக்கலாம். தொற்று இல்லாத காலத்திலும் இந்தக் கருவிகள் பயன்படும் இடம் இது. அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்தால் கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

1. முதல் நாளே பாடப் புத்தகத்தின் பக்க எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஒரு தடவை வாசித்துவிட்டு வரட்டும்.

2. படத்தை விட சத்தம் முக்கியம். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு போனின் சத்தம் கேட்காது. ஸ்பீக்கர் ஒன்று கட்டாயம் தேவை. படம் தெரியாவிட்டாலும் பாடம் நடக்கும், சத்தம் கேட்காவிட்டால் நடக்காது.

3. தூரத்து ஆசிரியரிடம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

4. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். பிள்ளைகள் கணக்கைச் செய்து பார்க்கட்டும். வகுப்பில் இருக்கும் ஆசிரியர் மேசைக்கு மேசை நடந்து பார்க்கட்டும்.

5. கேள்வி கேட்கும் பிள்ளை முன்னுக்கு வந்து பேச வேண்டும். கூச்சப்படும் பிள்ளையின் கேள்வியை ஒரு துண்டில் எழுதி வாங்கலாம்.

6. இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஒரு பயிற்சித் தாள் கையில் இருந்தால் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள்.

தோட்டத்தில் யார் பக்கத்தில் இருப்பது?

"நாங்க படிக்காதவங்க, நாங்க என்னா செய்றது?" என்று தாய்மார் கேட்பார்கள். காலையில் மலைக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாயிடம் விஞ்ஞானம் படிப்பிக்கச் சொல்லவில்லை. இரவில் மூன்று கேள்வி கேளுங்கள். "இன்னைக்கு என்னா படிச்ச?" "எனக்குச் சொல்லிக் காட்டு." "எது வெளங்கல்ல?" பிள்ளை உங்களுக்குச் சொல்லிக் காட்டும்போது பாடம் இரண்டாம் தடவை பதிகிறது. விளங்காததை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சந்தேகக் கொப்பியை அடுத்த நாள் ஆசிரியரிடம் கொடுக்கலாம்.

தோட்டத்தில் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் அக்காமார், அண்ணன்மார் உண்டு. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளைமாரும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மாலை அவர்கள் ஒரு திரையின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பிள்ளை மடுவமோ சனசமூக நிலையமோ மாலையில் சும்மாதான் இருக்கும். தோட்ட நிர்வாகத்திடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் பேசி அந்த இடத்தைக் கேட்கலாம். வந்த பிள்ளைகளின் பெயரை எழுதுவது, சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது, சந்தேகக் கொப்பியைச் சேர்ப்பது ஆகிய மூன்று வேலைகள்தான் அவருக்கு. ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் லயத்துக்குப் போய் "ஏன் வரல்ல?" என்று கேட்கவும் வேண்டும். இந்தக் கேள்வியை எந்தப் போனும் கேட்காது.

சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் வருபவர்கள், பதிவு செய்த பாடங்களை அங்கேயே இறக்கிக்கொண்டு வரலாம். ஒரு தடவை இறக்கினால் பத்துத் தடவை பார்க்கலாம். ஆசிரியரின் பத்து நிமிடக் குரல் பதிவுக்கு வட்ஸ்அப்பில் ஓரிரண்டு எம்.பி. மட்டுமே செலவாகும்.

பாதுகாப்பு

பிள்ளையின் கையில் போன் இருந்தால் பாடம் மட்டும் வராது. தெரியாத ஆட்களும் வருவார்கள். படம் கேட்பார்கள், "அம்மாவுக்குச் சொல்லாதே" என்பார்கள். அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும் ஆபத்தானவர் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். வகுப்பின் இணைப்பை வெளியாட்களுக்கு அனுப்பக் கூடாது. பிள்ளை நடந்ததைச் சொன்னால் அடிக்க வேண்டாம். அடித்தால் அடுத்த தடவை மறைக்கும். உதவி தேவையானால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். நாலு பேர் நடுவில் ஒரு திரையில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்தும் குறைவு.

எல்லாம் அறுந்து போனால்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகளால் பல உயிர்கள் போயின. பாதைகள் அடைபட்டன, மின்சாரமும் போன் தொடர்பும் பல இடங்களில் நின்றன. பிள்ளைகளுக்கு வகுப்பு அதிகமாகத் தேவைப்பட்ட அந்த நாட்களில் இணையமும் இல்லை. ஆகவே இணையத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பாடப் புத்தகம், அச்சடித்த பயிற்சித் தாள், பட்டரியில் ஓடும் ஒரு வானொலிப் பெட்டி ஆகியவை ஒவ்வொரு லயத்திலும் இருக்கட்டும். பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கும் அந்த அக்காவோ அண்ணனோ, கரண்ட் போனாலும் தோட்டத்தில்தான் இருப்பார்.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. நமது தோட்டத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், மழைக்கு ஒதுங்கக் கூடிய, ஆபத்தில்லாத இடம் எது?

2. மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு இருக்கக் கூடிய மூன்று பேரின் பெயரைச் சொல்ல முடியுமா?

3. ஸ்பீக்கரும் திரையும் வாங்க வீட்டுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும்? தனித்தனியாக ரீலோட் போடும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. நமது லயத்தில் பாடசாலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்ட பிள்ளை யார்? அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு இந்த வாரம் யார் போவது?

நான்காவது கேள்விக்குப் போனும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. வேலை இல்லாத இந்த ஞாயிற்றுக்கிழமையே அதில் இருந்து தொடங்கலாம்.